ஆள் நடந்தால் எரியும் விளக்கு

எங்கள் நகரியத்துக் கடைகளில் இப்போது 'சென்சார் பல்பு' என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆள் வந்தால் தானே எரிகிறது, ஆள் போன பிறகு தானே அணைகிறது. வாசல், மாடிப்படி, கழிப்பறை நடை என்று பல வீடுகளில் மாட்டியாகிவிட்டது. மாலை நடைப்பயிற்சியில் சந்திக்கும் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். ஒன்று, இதனால் கரண்ட் மிச்சமாகுமா? இரண்டு, இருட்டில் ஆள் வருவது அதற்கு எப்படித் தெரிகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போனதில் ஒரு நீண்ட சரித்திரம் கிடைத்தது. அதில் இலங்கையும் வருகிறது, பிரான்சும் வருகிறது. முதல் கேள்விக்குப் பதில் நம் நெய்வேலியிலேயே இருக்கிறது. முதலில் அதையே பார்த்துவிடுவோம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1956 நவம்பரில் லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல் மண்ணை அள்ளி அள்ளி, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. அது 50 மெகாவாட். 1970-க்குள் ஒன்பது யூனிட்டுகளும் சேர்ந்து 600 மெகாவாட் ஆயிற்று.

நான் அரசு அலுவலக எழுத்தராக இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தது 1970-களின் நடுவில். அப்போது சுற்றுப்பட்ட கிராமங்களில் பல வீடுகளில் சிம்னி விளக்குதான். நகரியத்துக்குள் நுழைந்தால் தெருவெல்லாம் வெளிச்சம். வாசல் விளக்கை மாலை ஆறு மணிக்குப் போட்டால் காலையில் பால்காரர் வந்த பிறகுதான் அணைப்பார்கள். யாரும் அதை ஊதாரித்தனம் என்று நினைக்கவில்லை. கரண்ட் பிறக்கிற ஊரில் கரண்ட்டுக்குக் கணக்கு பார்ப்பதா என்ற எண்ணம். கட்டணமும் யாருக்கும் பெரிய கவலையாக இருந்ததில்லை.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். எழுத்தர் வேலை பார்த்தவனுக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியாது. பழைய 40 வாட் டியூப்லைட், இரும்புச் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இரவு 12 மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட். வருஷத்துக்குச் சுமார் 220 யூனிட். நம் லிக்னைட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எரிக்க வேண்டும். ஆக, ஒரு வாசல் விளக்கு வருஷம் ஒன்றுக்கு நான்கு மூட்டைக்கு மேல் நிலக்கரி தின்றது. ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும், நிலத்தடி நீரையும் ஓயாமல் இறைக்க வேண்டும். அந்த மண் யாரோ பயிரிட்ட மண். 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். வாசல் விளக்குக்கும் அந்த வயலுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

டியூப்லைட் போய் இப்போது 9 வாட் எல்.இ.டி. வந்துவிட்டது. அதே 12 மணி நேரம் எரிந்தாலும் வருஷத்துக்கு 40 யூனிட்டுக்குள் அடங்கும். அதையே சென்சார் பல்பாக மாற்றினால், இரவில் மொத்தம் ஒரு மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிவதற்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல். ஆள் வருகிறானா என்று பகலும் இரவும் காத்துக்கொண்டிருப்பதற்கு அரை வாட் அளவு செலவாகும், அது 4 யூனிட் சொச்சம். இரண்டும் சேர்ந்து 8 யூனிட். டியூப்லைட்டிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியபோது மிச்சம் 180 யூனிட். எல்.இ.டி.யிலிருந்து சென்சாருக்கு மாறினால் மிச்சம் 32 யூனிட். மிச்சம் உண்டு, ஆனால் பெரிய மிச்சம் முன்னமே வந்துவிட்டது. கரண்ட் பில்லுக்காக மட்டும் இதை வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வேறு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. ஆள் வருவது அதற்கு எப்படித் தெரிகிறது?

இதன் கதை இலங்கையில் தொடங்குகிறது. 1700-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கிருந்து ஒரு வகைக் கல்லை ஹாலந்துக்குக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் தோரமல்லி என்று பெயர். நம் ரத்தினக்கல் வியாபாரிகளும் அந்தப் பெயரைச் சொல்வதுண்டு. ஐரோப்பியர் வாயில் அது 'டூர்மலின்' ஆயிற்று. இந்தக் கல்லுக்கு ஒரு விசித்திர குணம். அடுப்புக் கங்கருகே வைத்துச் சூடாக்கினால் சாம்பலைத் தன் பக்கம் இழுக்கும், சற்று நேரத்தில் அதே சாம்பலைத் தள்ளியும் விடும். அதனால் டச்சுக்காரர்கள் இதற்கு 'சாம்பல் இழுப்பான்' என்று பெயர் வைத்தார்கள். 1707-இல் யோஹான் ஷ்மிட் என்ற ஜெர்மானியர் இதை எழுதிவைத்தார். 1717-இல் லூயி லெமரி என்ற பிரெஞ்சுக்காரரும் இதைக் கவனித்து எழுதினார். காந்தம்போல் ஏதோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். இது மின்சாரத்தின் வேலை என்று 1747-இல் லின்னேயஸ் சொன்னார். செடிகொடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த அதே லின்னேயஸ்தான். 1756-இல் ஈப்பினஸ் சோதனை செய்து அதை நிரூபித்தார்.

விஷயம் இதுதான். இந்தக் கல்லில் சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் இரு முனைகளிலும் மின்னேற்றம் தோன்றுகிறது. சூடு மாறாமல் அப்படியே இருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. மாற்றம்தான் முக்கியம். 1824-இல் டேவிட் புரூஸ்டர் இதற்கு 'பைரோ எலெக்ட்ரிசிட்டி' என்று பெயர் சூட்டினார். பைரோ என்றால் கிரேக்கத்தில் நெருப்பு. பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் இந்தக் கல்லை ஆராயப் போய்த்தான் 1880-இல் வேறொன்றைக் கண்டார்கள். சில படிகங்களை அழுத்தினாலும் மின்சாரம் வரும் என்பது அது. நம் வீட்டு கேஸ் லைட்டர் 'டக்' என்று பொறி விடுவது அந்தக் கண்டுபிடிப்பால்தான்.

சூடு என்றால் அடுப்புச் சூடுதான் வேண்டும் என்பதில்லை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷெல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் ஏழு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்தபோதும் வெப்பமானி ஏறியது. அகச்சிவப்புக் கதிர் என்று நாம் சொல்வது அதுதான். மனித உடம்பும் இரவு பகலாக இந்தக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. சென்சார் பல்புக்குள் தோரமல்லிக்குப் பதில், அதே குணமுள்ள செயற்கைப் பொருளில் செய்த சிறு துண்டு இருக்கிறது. நம் உடம்பின் கதிர் அதன்மேல் பட்டு, சூடு இம்மியளவு மாறினாலும் போதும். மின்னேற்றம் தோன்றும், விளக்கு எரியும். அதிலிருந்து எந்தக் கதிரும் நம்மை நோக்கி வருவதில்லை. உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு நண்பர் பயந்தார். பயப்பட ஒன்றுமில்லை, அது நம்மிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

ஆனால் அந்தத் துண்டு மிகச் சிறியது. ஐந்தாறு மீட்டர் தள்ளி நடக்கிறவரின் உடம்புச் சூடு அதற்கு எட்ட வேண்டுமே? அதற்குத்தான் மேலே பால் நிறத்தில் ஒரு மூடி. உற்றுப் பார்த்தால் அதில் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் வளைய வளையமாகக் கோடுகள் தெரியும். இது அழகுக்கு வைத்தது இல்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு லென்ஸ். கடையில் இதை 'ஃபிரெஸ்னல் லென்ஸ்' என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லலாம். அந்தப் பெயரில் நடுவில் உள்ள 'ஸ்' எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் கிடையாது. ஃப்ரெனெல் என்பதே சரி.

ஒகுஸ்தேன் ஃப்ரெனெல் பிரெஞ்சு அரசாங்கத்தில் சாலைப் பொறியாளராக இருந்தவர். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சத்தைக் கடலில் வெகுதூரம் அனுப்பப் பெரிய லென்ஸ் வேண்டும். முழுக் கண்ணாடியில் செய்தால் கனம் தாங்காது, ஒளியும் கண்ணாடிக்குள்ளேயே குறைந்துவிடும். ஒளியைத் திருப்புவது லென்ஸின் மேற்பரப்பு வளைவுதானே, நடுவில் உள்ள கனமான கண்ணாடி எதற்கு என்று யோசித்து, அதை வளையங்களாகப் படி வைத்து மெல்லியதாக்கினார். 1823-இல் போர்தோ பக்கம், ஜிரோந்து ஆற்று முகத்துவாரத்தில் உள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதலில் ஏற்றப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து, 39 வயதில், காசநோயில் இறந்துபோனார். கப்பல்களுக்கு வெளிச்சத்தை வெளியே அனுப்பிய அதே ஏற்பாடு, இப்போது நம் உடம்புச் சூட்டை உள்ளே திரட்டிக் கொடுக்கிறது. ஒரே வித்தியாசம், மூடி கண்ணாடியில் இருக்காது, பிளாஸ்டிக்கில்தான் இருக்கும். உடம்பின் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே சென்சாரை வைத்து, வெளியே ஆள் வந்தால் எரியவில்லையே என்றால் காரணம் இதுதான்.

இவ்வளவும் எப்போதோ தெரிந்திருந்தும் வீட்டு விளக்குக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? நடமாட்டத்தை அறியும் கருவி முதலில் வந்தது திருடனைப் பிடிக்கத்தான். 1950-களில் அமெரிக்காவில் சாமுவேல் பாக்னோ என்பவர் காதுக்குக் கேட்காத ஒலியை அறைக்குள் பரப்பி, ஆள் அசைந்தால் எதிரொலி மாறுவதை வைத்து அலாரம் அடிக்கச் செய்தார். பின்னால் அகச்சிவப்புக் கருவி அலாரங்களில் இடம்பிடித்தது. ஆனால் விளக்குதான் ஒத்துழைக்கவில்லை. டியூப்லைட் எரிவதற்குமுன் ஸ்டார்ட்டர் நாலு தடவை மினுக்கும், அதற்குள் ஆள் நடையைத் தாண்டிவிடுவார். அடிக்கடி அணைத்துப் போட்டால் டியூப் சீக்கிரம் கறுத்துப்போகும். சி.எஃப்.எல். எரிந்தாலும் முழு வெளிச்சம் வரச் சற்று நேரம் பிடிக்கும். குண்டு பல்பு உடனே எரியும், ஆனால் கரண்ட்டைக் குடிக்கும். எல்.இ.டி. ஒன்றுதான் நொடியில் எரிந்து, நாளைக்கு நூறு தடவை அணைந்து எரிந்தாலும் சலிக்காமல் இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டிய நீல ஒளியைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2015-இலிருந்து மத்திய அரசின் உஜாலா திட்டத்தால் எல்.இ.டி. விலை சரிந்தது. அதற்குப் பிறகுதான் சென்சாரும் பல்பும் ஒரே உருண்டைக்குள் அடங்கி நம் ஹோல்டருக்கு வந்தன.

இதற்கு ஒரு பழைய உறவுக்கார விளக்கும் உண்டு. பிரான்சில் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டில் 'மினுத்தரி' என்று ஒரு ஏற்பாடு. கீழே பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே அணையும். அங்கே வேலைக்குப் போன புதுச்சேரி உறவினர்கள் லீவில் வரும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சாமான் தூக்கிக்கொண்டு நாலாவது மாடி ஏறுவதற்குள் பாதிப் படியில் இருட்டாகிவிடுமாம். அந்தக் கடிகாரத்துக்கு நேரம் தெரியும், ஆள் இருப்பது தெரியாது. சென்சார் விளக்குக்கு ஆள் அசைவது தெரியும்.

இப்போது மாட்டுவதைப் பற்றி. நாங்கள் இருப்பது மகனுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸ். சுவரை உடைத்து வயர் இழுக்க முடியாது. அதனால் இருக்கிற ஹோல்டரிலேயே மாட்டும் சென்சார் பல்பு மூன்று வாங்கினோம். சொந்த வீடு உள்ளவர்கள் தனி சென்சார் வாங்கி எலெக்ட்ரீஷியனை வைத்து இணைக்கலாம். அதில் மூன்று திருகுகள் இருக்கும். எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு இருட்டானால் வேலை செய்ய வேண்டும், எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று திருகி வைக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நேரத்தை ஒரு நிமிஷத்துக்குக் குறைக்க வேண்டாம். நாம் நின்று நிதானித்து நடக்கிறவர்கள். அசையாமல் நின்றால் சூட்டில் மாற்றம் இல்லை, விளக்கு அணைந்துவிடும்.

சென்சாரை நோக்கி நேராக நடந்தால் அதற்குச் சட்டென்று தெரியாது. குறுக்கே நடந்தால் உடனே தெரியும். கட்டத்துக்குக் கட்டம் நாம் தாண்டும்போதுதான் மாற்றம் உண்டாகிறது. அதனால் நடையின் கோடியில் வைப்பதைவிடப் பக்கவாட்டில் வைப்பது நல்லது. இன்னொன்று நம் ஊர் வெயில். கத்திரியில் பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவு பத்து மணிக்கும் கொதிக்கும். சுவர்ச் சூடும் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது, பக்கத்தில் போனால்தான் எரியும். மார்கழியில் தூரத்திலேயே எரியும் விளக்கு மே மாதம் மந்தமாக இருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். 'ரேடார்' வகை என்று ஒன்று விற்கிறார்கள். அதற்கு வெயில் பாதிப்பு இல்லை. ஆனால் அது மெல்லிய கதவைத் தாண்டியும் பார்க்கும், காற்றில் வேப்பங்கிளை ஆடினாலும் எரியலாம்.

முக்கியமான எச்சரிக்கை பாம்பைப் பற்றியது. மரங்கள் அடர்ந்த நம் நகரியத்தில் பாம்பு புதிதல்ல. தோட்டத்தில் சென்சார் விளக்கு போட்டால் பாம்பு வந்தாலும் எரியும் என்று சிலர் நம்புகிறார்கள். எரியாது. பாம்பின் உடம்பு தரையின் சூட்டிலேயே இருக்கும். நாய், பூனை, கீரி வந்தால் எரியும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் வந்தால் இருட்டாகவே இருக்கும். மலைப்பக்கத்துக் குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி உண்டு, அதனால் இரையின் உடம்புச் சூட்டை அறியும். அதாவது பாம்பிடம் சென்சார் உண்டு, சென்சாருக்குப் பாம்பு தெரியாது. எனவே தோட்டத்தில் இறங்குமுன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், பிறகு தரையைப் பாருங்கள், டார்ச்சையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்ற காரணத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி நடு இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்தார். மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று விளக்கைப் போடவில்லை. நடையில் இருந்த ஸ்டூல் காலில் தட்டி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பெலும்பு தப்பியது எங்கள் நல்ல காலம். எங்கள் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பிறகு முன்போல் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் விழுந்து உயிரிழப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே மிக அதிகம் என்கிறது.

யோசித்துப் பாருங்கள். நம் தலைமுறைக்கு இரண்டு பழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. தேவையில்லாமல் விளக்கெரியக் கூடாது என்பது ஒன்று. நம்மால் பிறர் தூக்கம் கெடக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல பழக்கங்கள்தான். இரண்டும் சேர்ந்துதான் நம்மை இருட்டில் நடக்க வைக்கின்றன. 'விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்' என்று பிள்ளைகள் எத்தனை தடவை சொன்னாலும் நாம் கேட்பதில்லை. ஸ்விட்ச் படுக்கையிலிருந்து நாலடி தள்ளியிருக்கும், அந்த நாலடியும் இருட்டு. சென்சார் விளக்கு நம்மைக் கேட்பதில்லை. காலைக் கீழே வைத்து எழுந்தாலே எரிகிறது, நாம் திரும்பிப் படுத்த பிறகு அணைகிறது. ஊதாரித்தனம் என்ற குற்ற உணர்ச்சிக்கும் இடமில்லை, வருஷத்துக்கு எட்டே யூனிட்.

ஆகவே வாங்குகிறவர்கள் முதல் பல்பை வாசலில் மாட்டாதீர்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில் மாட்டுங்கள். கண்ணில் அடிக்காதபடி, முடிந்தால் முழங்கால் உயரத்தில், மஞ்சள் வெளிச்சமாகப் பார்த்து வாங்குங்கள். வாசலுக்கு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். பழைய ஸ்விட்ச் விளக்கையும் எடுத்துவிடாதீர்கள், சென்சார் கெட்டுப்போகும் இரவும் ஒன்று வரும்.

நெய்வேலியில் முதல் வெளிச்சம் தந்த அந்த 600 மெகாவாட் நிலையத்தை 2020-இல் மூடிவிட்டார்கள். நாங்கள் இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து எங்கள் வாசல் விளக்கு அதை நம்பித்தான் விடிய விடிய எரிந்தது. இப்போது எங்கள் வீட்டில் இரவெல்லாம் எரியும் விளக்கு ஒன்றும் கிடையாது. அம்மாவுக்கு வெளிச்சம் இருக்கிறதா என்று மகன் எழுந்து வந்து பார்ப்பதும் நின்றுவிட்டது.